தினமும் திருவிழாவா? குழந்தைகளின் இனிப்புக்கு ஒரு நாள் குறிப்போம்!

பஞ்சுமிட்டாய் தடை முதல் பொரி உருண்டை வரை... பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய நொறுக்குத்தீனிக் கணக்கு!

பௌர்ணமி வந்துவிட்டால் திருவண்ணாமலை தூங்காது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள். நடப்பவர்களுக்கு இணையாக ஓரத்தில் கடைகளும் நீளும். பஜ்ஜி, கரும்புச்சாறு, பொரி, ஐஸ்க்ரீம், கலர் கலராக மிட்டாய், பாக்கெட் சிப்ஸ். வெளியூரிலிருந்து வந்து, ஒரு ராத்திரி நடந்து, விடிந்ததும் பஸ் ஏறுகிற குடும்பத்துக்கு இதெல்லாம் ஒருநாள் சந்தோஷம். குழந்தை ஒரு ஐஸ்க்ரீம் கூடுதலாகச் சாப்பிட்டால் குடி மூழ்கிவிடாது.

உள்ளூர்க் குழந்தையின் நிலைமை வேறு. வருடத்துக்கு 12 அல்லது 13 பௌர்ணமி, கார்த்திகையில் 10 நாள் தீபத் திருவிழா, சனி, ஞாயிறு கூட்டம் என்று இப்போது வருடம் முழுவதும் பக்தர்கள் வருகிறார்கள். ஒருநாள் கடைகளாக இருந்தவை தினசரிக் கடைகளாகிவிட்டன. பள்ளி விட்டு வருகிற வழியில், டியூஷனுக்குப் போகிற வழியில், கோயிலுக்குப் போகிற வழியில் என எங்கு திரும்பினாலும் இனிப்பு.

திருவண்ணாமலையில் மட்டுமா? தெருமுனை மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய் பாக்கெட்டுகள், தமிழ்நாட்டின் எல்லா ஊர்களையும் தினசரித் திருவிழா ஆக்கிவிட்டன. 'இனிப்பே கொடுக்கக் கூடாதா?' என்று தவிக்கிற பெற்றோர் ஒருபக்கம், 'குழந்தைதானே, சாப்பிட்டுப் போகட்டும்' என்கிற தாத்தா, பாட்டி மறுபக்கம். இருவரும் சமாதானமாகும் வழி ஒன்று இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், சில கணக்குகள்.

ரோஸ் நிறம் சொன்ன சேதி

2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் தலைப்புச் செய்தியானது நினைவிருக்கும். முதலில் புதுச்சேரி தடை விதித்தது. சென்னையில் எடுக்கப்பட்ட மாதிரிகளிலும் 'ரோடமின் பி' என்ற ரசாயனம் இருப்பது அரசு ஆய்வகத்தில் உறுதியானதும், பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு அரசும் தடையை அறிவித்தது. அடுத்த மாதமே கர்நாடகாவும் பஞ்சுமிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் அந்த நிறமியைச் சேர்க்கத் தடை போட்டது.

ரோடமின் பி என்பது துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்படுவது. உணவில் சேர்க்க அனுமதியே இல்லை. இந்தியாவில் உணவுக்கென அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள் மொத்தமே எட்டுதான். அவற்றையும் குறிப்பிட்ட சில உணவுகளில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்க்கக் கூடாது. கண்ணைப் பறிக்கும் அடர் ரோஸ், பளீர் பச்சை, ஒட்டினால் போகாத நாக்குச் சாயம் இதெல்லாம் தெரிந்தால், அந்தத் தின்பண்டத்தைத் தள்ளி வைப்பதே நல்லது. லேபிள் இல்லாத, தயாரித்தவர் பெயர் இல்லாத பாக்கெட்டுகளுக்கும் அதேதான். சந்தேகமிருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் தரலாம்.

அந்தத் தடையோடு பல வீடுகளில் ஒரு நிம்மதி வந்தது. நிறமி போனால் பிரச்னை தீர்ந்தது என்ற நிம்மதி. ஆனால், நிறமே சேர்க்காத வெள்ளைப் பஞ்சுமிட்டாய் என்பதும் முழுக்க முழுக்கச் சர்க்கரைதான்!

ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன்?

ஒருவர் ஒருநாளில் பெறும் மொத்த ஆற்றலில், சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவிகிதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவிகிதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. இதில் வெள்ளைச் சர்க்கரை மட்டுமல்ல, வெல்லம், தேன், பழச்சாறு எல்லாமே அடக்கம். முழுப் பழத்திலும் வெறும் பாலிலும் இயல்பாக இருக்கும் இனிப்பு இந்தக் கணக்கில் வராது.

4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒருநாளைக்கு ஏறக்குறைய 1,360 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். அதில் 5 சதவிகிதம் என்றால் 68 கலோரி, அதாவது 17 கிராம் சர்க்கரை. சுமார் நான்கு டீஸ்பூன். இதுதான் அந்தக் குழந்தையின் ஒருநாள் 'பட்ஜெட்'.

இப்போது ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் பாலில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் 'சத்து மாவு' என்று கடையில் வாங்கிய பவுடரும் கலந்தால் சுமார் 10 கிராம். 11 மணி இடைவேளையில் மூன்று க்ரீம் பிஸ்கட், இன்னொரு 10 கிராம். மாலையில் சின்ன அட்டைப் பெட்டி மாம்பழ பானம், சுமார் 20 கிராம். பிராண்டைப் பொறுத்து இது கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் கூட்டிப் பார்த்தால் 40 கிராம் ஆகிவிட்டது. இதில் ஒரு 'ஸ்வீட்'கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அல்வா, ஜிலேபி எதுவும் குழந்தை தொடவே இல்லை. அம்மாவைக் கேட்டால், 'எங்க வீட்ல ஸ்வீட்டே வாங்கறதில்லை' என்பார். அது உண்மையும்கூட.

4 முதல் 10 வயதுக் குழந்தைகள் தங்கள் கலோரியில் 13 சதவிகிதத்தைச் சர்க்கரையிலிருந்து பெறுகிறார்கள் என்று குறிப்பிட்டுத்தான், 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ., தன் பள்ளிகளில் 'சர்க்கரை பலகை' வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில், எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று குழந்தைகளே படித்துத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். பாக்கெட்டின் பின்பக்கம் உள்ள சேர்மானப் பட்டியலில், எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரையோ, குளுக்கோஸ் சிரப்போ, இன்வெர்ட் சிரப்போ, டெக்ஸ்ட்ரோஸோ இருந்தால், முன்பக்கம் என்ன படம் போட்டிருந்தாலும் அது இனிப்புதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிட்டால், அதற்கு அது விளையாட்டு.

பல் சொல்லும் ரகசியம்

எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். எத்தனை முறை என்பது மீதிக் கேள்வி. இதற்கான விடை, பல்லிலிருந்து கிடைத்தது.

1940-களில் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் விபேஹோல்ம் என்ற மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. அங்கே இருந்தவர்கள் அறிவுத்திறன் குறைபாடு கொண்டவர்கள். அவர்களுக்கு ஒட்டும் டாஃபி மிட்டாய்களைக் கொடுத்துப் பல் எப்படிச் சொத்தையாகிறது என்று பார்த்தார்கள். சம்மதம் சொல்லக்கூட இயலாதவர்களை வைத்துச் செய்த அந்த ஆய்வை, அறமற்றது என்று இன்று உலகமே கண்டிக்கிறது. ஆனால் அதில் வெளிப்பட்ட உண்மை தெளிவானது. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்ட இனிப்பு செய்த கெடுதல் குறைவு. சாப்பாடுகளுக்கு இடையே, அடிக்கடி, பல்லில் ஒட்டும்படி சாப்பிட்ட இனிப்புதான் பற்களைச் சூறையாடியது.

காரணம் இதுதான். வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பல் எனாமலைக் கரைக்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட சுமார் அரை மணி நேரம் ஆகும். பத்து மிட்டாயை ஒரே நேரத்தில் சாப்பிட்டால் ஒரு தாக்குதல். பத்தையும் பத்து வேளையாக, நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருந்தால் பத்துத் தாக்குதல். பல்லுக்கு ஓய்வே கிடைக்காது.

இதன் பிறகுதான் ஸ்வீடனில், இனிப்பெல்லாம் வாரத்தில் ஒருநாள் என்ற பழக்கம் பரவியது. இன்றும் அங்கே 'சனிக்கிழமை மிட்டாய்' பிரபலம். குழந்தைகள் வாரமெல்லாம் காத்திருந்து, சனிக்கிழமை கடைக்குப் போய்த் தாங்களே பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள்.

யோசித்துப் பார்த்தால், இது நமக்குப் புதிதே இல்லை. விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, கிருஷ்ண ஜெயந்திக்கு வெல்லச்சீடை, கார்த்திகைக்குப் பொரி உருண்டையும் அப்பமும், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல். நம் வீடுகளில் ஒவ்வோர் இனிப்புக்கும் ஒரு நாள் இருந்தது. 2,668 அடி உயர மலையில் தீபம் ஏற்றும் நாளில்தான் பொரி உருண்டை. அதற்காகத்தான் குழந்தைகள் காத்திருந்தார்கள். நாம் இழந்தது அந்த நாட்காட்டியைத்தான்.

குட்டி வயிறு, பெரிய பசி

'என் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது.' குழந்தைகள் நல மருத்துவர்கள் அதிகம் கேட்கும் புகார் இது. பல நேரங்களில் குழந்தை சாப்பிடாமல் இல்லை. சோற்றைத்தான் சாப்பிடுவதில்லை. குட்டி வயிற்றில் 11 மணி பிஸ்கட்டும் 12 மணி ஜூஸும் உட்கார்ந்திருந்தால், ஒரு மணிக்குக் கீரைச் சாதத்துக்கு எங்கே இடம்?

இதன் விலை சாதாரணமானதல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 57.4 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை. ரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இரும்புச்சத்து தரும் பருப்பு, கீரை, முட்டை, கறி இருக்க வேண்டிய இடத்தை, சத்தில்லாத மாவும் சர்க்கரையும் பிடித்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகத்தானே ஆகும்?

அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும், முட்டை, வேகவைத்த பயறோடு சத்துணவும் இருக்கின்றன. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட குழந்தைக்கு இடைவேளையில் ஒரு வாழைப்பழமோ தண்ணீரோ போதும். பாக்கெட்டுக்குக் காசு கொடுத்தனுப்ப வேண்டியதில்லை.

முதல் ஆயிரம் நாள்கள்

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் சர்க்கரை ரேஷனில் கிடைத்தது. 1953 செப்டம்பரில் கட்டுப்பாடு நீங்கியதும், மக்கள் சாப்பிடும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. கட்டுப்பாடு இருந்த காலத்தில் கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் இருந்தவர்களையும், அதற்குப் பிறகு பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. சர்க்கரை குறைவாகக் கிடைத்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, 50, 60 வயதுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவிகிதமும், உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவிகிதமும் குறைந்திருந்தது.

10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவோடு வாழும் நாடு நம்முடையது. அதனால் கருவில் தொடங்கி இரண்டு வயது வரையிலான அந்த ஆயிரம் நாள்கள் நமக்கு இன்னும் முக்கியம். பிறந்த குழந்தையின் நாக்கில் 'சேனை' என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுவைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுப் பாதிப்பை உண்டாக்கலாம். இரண்டு வயது வரை பாலிலும் கஞ்சியிலும் சர்க்கரை சேர்க்காவிட்டால் குழந்தை எதையும் இழப்பதில்லை. இனிப்பில்லாத பாலின் ருசியே அதற்குப் பழகிவிடும்.

'சோறு சாப்பிட்டா சாக்லேட்!'

பெரும்பாலான வீடுகளில் தினமும் நடக்கும் பேரம் இது. உடனே பலன் தருவதுபோலத் தெரியும். ஆனால் குழந்தைகளின் உணவுப் பழக்கங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லீன் பிர்ச்சின் ஆய்வுகள், நேர்மாறான முடிவைச் சொல்கின்றன. பரிசாகத் தரப்படும் உணவின் மீது குழந்தைக்கு ஆசை கூடுகிறது. 'இதைச் சாப்பிட்டால் பரிசு' என்று சொல்லி ஊட்டப்படும் உணவின் மீது விருப்பம் குறைகிறது. சாக்லேட்டைக் காட்டிக் கீரை ஊட்டினால், 'சாக்லேட் உயர்ந்தது, கீரை தண்டனை' என்ற பாடத்தை நாமே நடத்துகிறோம்.

சரி, அடியோடு தடை போட்டுவிட்டால்? அதையும் பிர்ச்சும் அவருடைய சக ஆய்வாளரும் 1999-ல் சோதித்துப் பார்த்தார்கள். கண்முன்னே வைத்து 'தொடாதே' என்று தடுக்கப்பட்ட தின்பண்டத்தின் மீதுதான் குழந்தைகளின் கவனமும் பேச்சும் ஆசையும் அதிகமாயின. வீட்டில் மிட்டாயே பார்க்காத பிள்ளை, கல்யாண வீட்டில் தட்டைக் காலி செய்வது இதனால்தான்.

பரிசும் வேண்டாம், தடையும் வேண்டாம். நாளும் அளவும் போதும். 'சாக்லேட் கிடையாது' என்பதைவிட 'சாக்லேட் ஞாயிற்றுக்கிழமை' என்பதைக் குழந்தை எளிதாக ஏற்றுக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் அழுகை இருக்கும். சொன்ன நாளில் தவறாமல் கிடைக்கிறது என்று நம்பிக்கை வந்துவிட்டால், அழுகை குறையும். அதனால் வாக்குத் தவறாமல் இருக்க வேண்டியது பெரியவர்கள்தான்.

பாட்டி சொல்வது சரியா?

'இனிப்பு தின்னா வயித்துல பூச்சி வரும்': வராது. குடற்புழுக்கள் அசுத்தமான மண், தண்ணீர், கழுவாத கை வழியாகத்தான் வருகின்றன. சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கைகழுவுவது, செருப்பு அணிவது, ஆண்டுதோறும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை ஆகியவைதான் தீர்வு. இனிப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

'நாட்டுச் சர்க்கரைதானே, எவ்வளவு வேணும்னாலும் போடலாம்': கூடாது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். ஒரு டீஸ்பூன் வெல்லத்தில் கிடைக்கும் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூடத் தேறாது. 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒருநாளைக்குத் தேவையோ 11 மில்லிகிராம். ருசிக்காக வெல்லம் சேர்க்கலாம், சத்துக்காக அல்ல.

'பால் பல்தானே, விழுந்துடும்': விழும். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவை சொத்தையானால் வலி, சாப்பிட முடியாமை, தூக்கமின்மை எல்லாம் வரும். புதிதாக முளைக்கும் பல்லின் இடமும் மாறிப்போகும்.

நம்ம ஊர் ஸ்நாக்ஸ் போதாதா?

திருவண்ணாமலை மாவட்டத்தில் வேர்க்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. மாவட்டத்தின் முக்கியப் பயிர்களில் ஒன்று. உப்புப் போட்டு அவித்த ஒரு கைப்பிடி மல்லாட்டையில், ஏறக்குறைய அதே காசுக்குக் கிடைக்கும் சிப்ஸ் பாக்கெட்டைவிடப் பல மடங்கு புரதம் உண்டு. ஜவ்வாதுமலையில் விளையும் சாமையில் உப்புமா, அடை செய்யலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது; முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை மாலைப் பசிக்கு நல்ல ஜோடி.

நவராத்திரியில் ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல் செய்கிறோமே, அதை ஏன் ஒன்பது நாளோடு நிறுத்த வேண்டும்? கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை என்று வாரத்துக்கு மூன்று மாலை சுண்டல். மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்தால், அதிலுள்ள வைட்டமின் சி பயறின் இரும்புச்சத்து உடலில் சேர உதவும். கூடவே டீ கொடுத்தால் அந்தப் பலன் குறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு. பொடித்தோ மசித்தோ கொடுங்கள்.

பஜ்ஜி, போண்டா ஆசை வந்தால் வீட்டில், புது எண்ணெயில், எப்போதாவது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்ததும், அச்சடித்த செய்தித்தாளில் மடித்துத் தருவதும் வேண்டாம். மை உணவில் ஒட்டும் என்பதால் செய்தித்தாளைத் தவிர்க்கும்படி, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே எச்சரித்திருக்கிறது.

பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டர்

வீட்டில் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும், பள்ளி வாசல் கடை எல்லாவற்றையும் கலைத்துவிடும். அதே ஆணையத்தின் 2020-ம் ஆண்டு விதிமுறைகள், கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றன. இது பல பெற்றோருக்குத் தெரியாது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க சாக்லேட் கொடுப்பதற்குப் பதில் பென்சிலோ, கடலை உருண்டையோ, செடியோ கொடுக்கலாமா என்றும் பேசுங்கள். 30 குழந்தைகள் உள்ள வகுப்பில் மாதத்துக்கு இரண்டு, மூன்று பிறந்தநாளாவது வருமே!

வீட்டில் இன்றே தொடங்கலாம்

* இனிப்புக்கு வாரத்தில் ஒருநாள். பண்டிகை வந்தால் அந்த வாரத்துக்கு அதுவே இனிப்பு நாள். எந்த நாள் என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.

* இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்தோ, சாப்பிட்ட உடனேயோ கொடுங்கள். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ராத்திரி பல் துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்.

* நொறுக்குத்தீனிக்கு இரண்டு வேளை போதும். அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். டி.வி., மொபைல் பார்த்துக்கொண்டே பாக்கெட்டோடு சாப்பிட விடாமல், கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள்.

* பாலில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

* தாகத்துக்குத் தண்ணீர், மோர், இளநீர். ஜூஸுக்குப் பதில் முழுப் பழம்.

* காலையும் இரவும் ஃபுளூரைடு பேஸ்ட்டால் பல் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். ஆறு, ஏழு வயது வரை பெரியவர்கள் துலக்கிவிடுவது நல்லது.

* ஆயா, தாத்தா, அத்தை, சித்தப்பா எல்லோருக்கும் 'இனிப்பு நாள்' தெரிந்திருக்கட்டும். வெறுங்கையோடு வர மனமில்லை என்பவர்களிடம் கொய்யா, சப்போட்டா, மாதுளை வாங்கி வரச் சொல்லுங்கள்.

* கோயில் பிரசாதத்தை மறுக்க வேண்டாம். ஒரு கை சர்க்கரைப் பொங்கலை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது, பகிர்தலையும் அளவையும் சேர்த்தே கற்றுத்தரும்.

எடை வேகமாக ஏறுவது, கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடிப்பது, அடிக்கடி தாகமும் சிறுநீரும், வெளிறிய கண், பல்லில் வெள்ளை அல்லது பழுப்புப் புள்ளி இவற்றில் எதைக் கண்டாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் இதே விதி பொருந்தும். அப்பா தினமும் சோஃபாவில் சிப்ஸ் கொறித்துக்கொண்டு, பிள்ளைக்கு மட்டும் சுண்டல் கொடுத்தால் எடுபடாது. இந்தப் பௌர்ணமிக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, காலண்டரில் இனிப்பு நாள்களை வட்டமிடுங்கள். அந்தப் பேனாவைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள்.